முதலில் ஓர் ஆள், அப்புறம் பணம்

நடுவர் அவர்களே, வணக்கம். எனக்கு முன்னால் பதினைந்து நிமிடம் முழங்கிவிட்டு இப்போது நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கும் எதிரணித் தலைவருக்கும் வணக்கம். மாரியம்மன் திருவிழாவுக்கு வந்து, ராட்டினத்துக்குப் போகாமல் பட்டிமன்றத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தனி வணக்கம்.

மேடை ஏறும்போது கீழே இரண்டு பேர் கேட்டார்கள், "உங்க வீட்டுக்காரர் வரலியா?" என்று. வரவில்லை. ஒரு வேலையாக இருக்கிறார். என்ன வேலை என்று கடைசியில் சொல்கிறேன். கைதட்டு வாங்க எனக்கும் ஏதாவது மிச்சம் வேண்டுமே.

"படுக்கையில் கிடப்பவரைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்பவருக்கு முதலில் தேவை பணமா, மாற்று ஆளா?" இதுதான் தலைப்பு. எதிரணி பணம் என்கிறது. எதிரணித் தலைவர் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வாதம் வந்த அப்பாவைப் பார்க்க ஊருக்கு வந்தவள். சம்பளம் போச்சு, பி.எஃப். போச்சு, மருந்துக்கும் டயப்பருக்கும் நகை அடகுக்குப் போச்சு. "மாதா மாதம் ஒரு தொகை அவள் கணக்கில் விழுந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது" என்று முடித்தார். நானே கைதட்டினேன். நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஐயா, அந்த மீதிப் பாதி எது?

அது எனக்குத் தெரியும். நாலரை வருடம் அதற்குள் இருந்தேன்.

என் மாமியாருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. நான் அவர்களை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அந்த நாலரை வருடத்தில் நான் குளித்ததை மட்டும் சொல்கிறேன், போதும். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. நாலு சொம்பு ஊற்றுவேன், குழாயை மூடுவேன், காது கொடுப்பேன். இருமல் சத்தம் வருகிறதா, கட்டில் சத்தம் வருகிறதா? ஒன்றுமில்லை என்றால் திரும்பத் திறப்பேன். சோப்பு போட்ட முகத்தோடு ஓடி வந்த நாட்கள் உண்டு. அத்தை இறந்து இரண்டு வருடமாகிறது. இன்னமும் நடுவில் குழாயை மூடிவிடுகிறேன். கை தானாகப் போகிறது.

சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவேன். தாலி ஏறினதும் அட்சதையைத் தூவிவிட்டு அடுத்த பஸ். பந்தியில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்ட கல்யாணம் ஒன்றுகூட நினைவில் இல்லை. "பூசணிக்காய் அல்வா அருமை" என்று மற்றவர்கள் ஃபோனில் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், குறை சொல்ல வரவில்லை. கொஞ்சம் சொல்வேன். அவருடைய ஷிப்ட் முடிந்தால் என்ன செய்வார்? டிக்கெட் மெஷினையும் பையையும் ஒப்படைப்பார், கணக்கு முடிப்பார், கையைத் தட்டிவிட்டு இறங்கிவிடுவார். பஸ் நிற்காது. அடுத்தவர் ஏறிக்கொள்வார். நான் ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தபோது அவரைக் கேட்டேன், "உங்க பையை வாங்கிக்க ஆள் இருக்கு. என் பையை யார் வாங்கிக்குவா?" பாவம், அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று மணிக்கு எனக்குத் தேவைப்பட்டது என்ன, நடுவர் அவர்களே? ஏ.டி.எம். கார்டா?

எங்கள் வீட்டில் பணம் இல்லாமலும் இல்லை. கொழுந்தனார் குவைத்தில் இருக்கிறார். மாதம் தவறாமல் பத்தாயிரம் அனுப்பினார். அனுப்பியவர் நல்ல பிள்ளை என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன். ஆனால் பணத்தோடு கூடவே ஒரு ஃபோனும் வரும். "அண்ணி, போன மாசம் டயப்பர் ஏன் ரெண்டு பாக்கெட் அதிகம்?" வயிற்றுப்போக்குக்குக் கணக்குச் சொல்லி இருக்கிறீர்களா யாராவது? நான் சொல்லியிருக்கிறேன், ரூபாய் பைசாவோடு. பணம் அனுப்பிவிட்டதாலேயே அவர் பங்கு முடிந்ததாக அவர் நினைத்தார், வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். தொகை கொடுத்தவர் கைகழுவிவிடுவது குடும்பத்தில் மட்டுமா நடக்கும்? அரசாங்கமும் அப்படி நினைத்துவிடக் கூடாதே என்றுதான் எனக்குப் பயம்.

சரி, பணம்தான் இருக்கிறதே, ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்துப் பார்த்தோம். ஏஜென்சியில் மாதம் 22,000 கேட்டார்கள், சாப்பாடு தனி. கொழுந்தனார் சரி என்றார். வந்த பெண் நாலாம் நாள் கிளம்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், இருபத்திரண்டு வயதுப் பெண், தூர ஊர், ராத்திரி பகல் ஒரே அறை. அடுத்த ஆள் கேட்டால் "எங்க பொண்ணுங்க சிட்டிக்கு மட்டும்தான் போவாங்க மேடம்" என்றார்கள். கையில் காசு, ஊரில் ஆள் இல்லை. இந்த நிலைமைக்கு எதிரணியிடம் என்ன மருந்து இருக்கிறது?

அரசு தரும் தொகையைப் பற்றி எதிரணித் தலைவர் பெருமையாகச் சொன்னார். நானும் பெருமைப்படுகிறேன். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத்தொகை என்று வைத்தார்களே, வீட்டுக்குள் பெண் செய்வதும் உழைப்புதான் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே, அது சின்ன விஷயம் இல்லை. கடும் ஊனமுற்றோருக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 தருகிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 66 ரூபாய் சொச்சம். பெரியவர்களுக்கான டயப்பர் இரண்டு வாங்கினால் தீர்ந்தது. இன்னும் கூட்டிக் கொடு என்கிறது எதிரணி. கூட்டட்டும். எவ்வளவு கூட்டினால் நான் தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கலாம்?

பணம் கொடுத்த நாட்டையே பார்ப்போம். இங்கிலாந்தில் 1976-லேயே, வீட்டில் பராமரிப்பவருக்கென்று ஒரு படி, அதாவது உதவித்தொகை, வந்துவிட்டது. ஏறக்குறைய ஐம்பது வருடம் முன்னால். ஆனால் முதல் பத்து வருடம் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது! ஏன்? அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருக்கப்போகிறார்கள் என்ற எண்ணம். (சிரிக்காதீர்கள், நம் வீட்டில் இதே வாக்கியம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்.) ஜாக்கி டிரேக் என்ற பெண், தன் தாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வழக்குப் போட்டார். அது ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 1986-ல்தான் அந்தக் கதவு திறந்தது. இன்றைக்கு என்ன நிலை? வாரம் 35 மணி நேரமாவது பார்த்துக்கொண்டால்தான் அந்தப் படி. 2025 ஏப்ரலில் அது வாரத்துக்கு 83 பவுண்டு 30 பென்ஸ். மணிக்கு இரண்டரைப் பவுண்டுகூட வராது. கூடவே பகுதி நேர வேலைக்குப் போய், வரம்புக்கு மேல் ஒரு பவுண்டு சம்பாதித்துவிட்டால் அந்த வாரப் படி முழுக்கப் போச்சு. தெரியாமல் வாங்கியவர்களிடம் வருடங்கள் கழித்து ஆயிரக்கணக்கில் திருப்பிக் கேட்டார்கள். கணக்குக் கேட்கும் கொழுந்தனார் அங்கேயும் இருக்கிறார், நடுவர் அவர்களே. அரசாங்க உடையில்.

இன்னொரு நாடு. இதை நான் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். ஜப்பான். அங்கேயும் மாமனார் மாமியாரைப் பார்ப்பது மருமகள் வேலை என்றுதான் காலம் காலமாக இருந்தது. நம் ஊர் மாதிரியே. 2000-ஆவது வருடம் முதியோர் பராமரிப்புக்கென்று ஒரு காப்பீடு கொண்டுவந்தார்கள். 40 வயது ஆனவர்கள் எல்லோரும் பிரீமியம் கட்ட வேண்டும். இதே மாதிரி காப்பீட்டை ஐந்து வருடம் முன்னால் கொண்டுவந்த ஜெர்மனியில் பணமாகவும் வாங்கிக்கொள்ளலாம், ஆள் உதவியாகவும் வாங்கிக்கொள்ளலாம். ஜப்பானிலும் பணம் கொடுக்கலாமா என்று பெரிய வாதம் நடந்தது. நம் பட்டிமன்றம் மாதிரி, ஆனால் சோடா இல்லாமல். வேண்டாம் என்று எதிர்த்தது யார் தெரியுமா? பெண்கள் அமைப்புகள். காசை வீட்டில் கொடுத்துவிட்டால், "அதான் வாங்கறியே, பாரு" என்று மருமகளைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதுதான் நின்றது. பணம் கிடையாது, சேவை. காலையில் வேன் வரும், பெரியவரை ஏற்றிக்கொண்டு போகும், அங்கே குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, சாயந்தரம் கொண்டுவந்து விடும். நாலு நாள் வெளியூர் போக வேண்டுமா, அதற்குத் தங்கும் இடம் உண்டு. அங்கே தேனும் பாலும் ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். பராமரிக்கப் போதுமான ஆட்கள் கிடைக்கவில்லை, அப்பா அம்மாவுக்காக வேலையை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் நம் தலைப்பை நமக்கு முன்னால் விவாதித்த மருமகள்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஏதோ கேட்க வாயெடுக்கிறார்... "ஆள் அனுப்பவும் பணம்தானே வேண்டும், அப்போது நீங்களும் பணக் கட்சிதானே?" என்கிறார். நல்ல கேள்வி. அரிசிக்கும் பணம்தான் வேண்டும், நடுவர் அவர்களே. ஆனால் ரேஷன் கடையில் நமக்கு அரிசியாகத்தானே அளக்கிறார்கள்? பக்கத்தில் புதுச்சேரியில் அரிசிக்குப் பதிலாகக் கணக்கில் பணம் போட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் அரிசியையே கொடுங்கள் என்றார்கள். மூடிக் கிடந்த ரேஷன் கடைகளை 2024-ல் திரும்பத் திறந்தார்கள். அரிசி விஷயத்தில் நமக்கு இருக்கும் தெளிவு, ஆள் விஷயத்திலும் வரட்டுமே.

நம் ஊருக்குள் நுழையும் பழைய சாலையில் ஒரு கல் நிற்கிறது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. இப்போது அதில் டியூஷன் சென்டர் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். சுமைதாங்கிக் கல். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்ணின் நினைவாக அப்படிக் கல் நடுவது நம் பக்கத்து வழக்கம். சுமையை இறக்காமலே போய்விட்டவள் பெயரில், போகிற வருகிறவர் சுமை இறக்கட்டும் என்று. அதன் உயரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? தரையில் இறக்கினால், திரும்பத் தலையில் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். ஆள் இல்லாத சாலையில் யாரைத் தேடுவது? அதனால் தலைச்சுமை உயரத்துக்குக் கல். ஒற்றை ஆளாகவே இறக்கலாம், ஏற்றலாம். சுமக்கிறவன் கழுத்தை அளந்து கட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லை நட்டவர்கள் நினைத்திருந்தால் ஆளுக்கு ஓரணா கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். சிரியுங்கள் ஐயா, உங்கள் வீட்டு அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இனி, ஆள் வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 5, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் என்று தொடங்கினார்கள். பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது, படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபி, வலி தணிப்புப் பராமரிப்பு எல்லாம் அதில் உண்டு. எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். பிசியோதெரபி செய்ய வந்த தம்பி முதல் நாள் என்னைத்தான் பார்த்தான். "அக்கா, நீங்க அவங்களைத் தூக்குறீங்க. தூக்காதீங்க" என்றான். பழைய எட்டு முழ வேட்டி ஒன்றைக் கேட்டான். நாலாக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அத்தைக்கு அடியில் விரித்தான். வேட்டி ஓரத்தை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, முட்டியை மடக்கி, மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான். அத்தை ஒரு முனகல் இல்லாமல் திரும்பிப் படுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வரும் என்று எல்லோரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எப்படிப் புரட்டுவது என்று அதுவரை ஒருத்தர் சொல்லவில்லை. என் இடுப்பு போனது அப்படித்தான். எந்தத் தொகை அந்த வேட்டியை மடித்துக் காட்டியிருக்கும்?

இன்னொரு நாள், மாத்திரை கொண்டுவந்த அக்கா அத்தைக்கு பி.பி. பார்த்துவிட்டு, பட்டையைச் சுருட்டுவதற்கு முன்னால், "நீங்களும் கையை நீட்டுங்க" என்றார். அத்தைக்கு 130. எனக்கு 170. அத்தையின் மாத்திரை டப்பாவில் ஏழு அறை, ஒன்றுகூடத் தவறியதில்லை. என் தைராய்டு மாத்திரை அட்டை ஃப்ரிட்ஜ் மேலே தூசி படிந்து கிடந்தது. நானாக ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனா? அத்தையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

சட்டத்துக்கும் நாங்கள் யாரென்று தெரியாமல் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளர் என்பதற்கு விளக்கம் சொல்லும்போது, பெற்றோர், குடும்பத்தார் உட்பட, பணம் வாங்கியோ வாங்காமலோ உதவுகிற எவரும் என்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோர் விஷயத்தில் பராமரிப்பாளர் படியையும் பேசுகிறது, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்ற வாலோடு. படியைப் பேசினார்கள், பராமரிப்பவர் ஓய்வெடுக்க மாற்று ஆளைப் பேசவில்லை.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் தம்பி ஒன்றைக் கட்டாயம் கேட்பார். நான் முந்திக்கொள்கிறேன். "அந்நிய ஆள் வந்தால் பெரியவங்க ஏத்துக்குவாங்களா? பெத்த பிள்ளை கை மாதிரி வருமா?" வராதுதான். எங்கள் தெருவில் ஓர் அக்கா, கணவனை இழந்தவர், "நான் வாரத்துல ரெண்டு சாயந்தரம் உக்காந்துக்கறேன், நீ கோயிலுக்காவது போ" என்று தானாக வந்தார். முதல் நாள் அவர் கொடுத்த கஞ்சியை அத்தை துப்பிவிட்டார்கள். நான் கோயில் வாசல்வரை போய்விட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தேன். குற்றவாளி மாதிரி ஒரு நடுக்கம். மூன்றாம் வாரம் வாயைத் திறந்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்த அக்காவுக்குக் காய்ச்சல், வரவில்லை. அத்தை பாதி வாயால் என்னிடம் கேட்டார்கள், "அவ... வல்லியா?" எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரே முகத்தை நாலு வருடம் பார்த்து அவர்களுக்கும் அலுத்திருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

இதைத் தெருவுக்கு ஒரு நல்ல மனசு என்று விடாமல் ஓர் ஏற்பாடாகச் செய்தவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கோழிக்கோட்டில் 1993-ல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அப்புறம் ஊர் ஊராகத் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்பியது. 2008-ல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே அறிவித்தது. இன்று பஞ்சாயத்துகள் நர்ஸை வீட்டுக்கு அனுப்புகின்றன. அங்கே பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் திட்டமும் இருக்கிறது. எதிரணி அதைப் பிடித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கேரளத்தின் பேரை உலகத்தில் சொல்லவைத்தது அந்த 600 இல்லை, கதவைத் தட்டி உள்ளே வந்த ஆட்கள். நம் ஊரில் மகளிர் குழுக்கள் இல்லையா? பத்துப் பெண்களுக்கு அந்த வேட்டி மடிப்பைச் சொல்லிக்கொடுத்து, கூலி கொடுத்து, வீட்டுக்கு வாரம் இரண்டு சாயந்தரம் அனுப்ப முடியாதா?

கடைசியாக ஒரு கணக்கு. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டில் யாரையாவது பராமரிக்கிறார்கள், குழந்தையோ பெரியவரோ. நாளைக்கு 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம். ஆண்கள் பக்கம் ஏன் இவ்வளவு அமைதி? 74 நிமிடம் நல்ல ஆரம்பம்தான், நான் திட்டவில்லை. மாற்று ஆளை அரசாங்கம் அனுப்புகிறவரை, வீட்டுக்குள் ஏற்கெனவே ஓர் ஆள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரு நிமிடம், நடுவர் அவர்களே. என் வீட்டுக்காரர் எங்கே என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தங்கச்சி இருக்கிறாள். அவள் கணவருக்கு விபத்தில் முதுகெலும்பில் அடி, ஐந்து வருடமாகப் படுக்கை. திருவிழாவுக்கு அவள் வந்து ஐந்து வருடம் ஆகிறது. இன்றைக்கு வந்திருக்கிறாள், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள், எங்கே என்று காட்ட மாட்டேன். நான் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்தாள், அதைவிடப் பெரிய விஷயம், ஃபோனை இரண்டு தடவைதான் எடுத்துப் பார்த்தாள். அவள் வீட்டில் இப்போது உட்கார்ந்திருப்பவர் என் வீட்டுக்காரர். பையை வாங்கிக்கொண்டிருக்கிறார். எட்டரைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், ஆற வைத்திருக்கிறாள். ஒன்பது மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வேட்டியை எப்படிப் பிடிப்பது என்று நேற்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். இருந்தாலும் அவர் முப்பது வருடம் டிக்கெட் கிழித்த மனிதர், எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மணி எட்டு நாற்பது. எதிரணித் தம்பி சுருக்கமாகப் பேசினால் நன்றாயிருக்கும்.